நீங்கள்ர்ப்பாசனம்

பிப்ரவரி 3, திங்கள்

முதல்வர் அறையில் கூட்டம். பி.ஏ. வரலாறு முதலாண்டில் ஒன்பது பேர் படிக்கிறார்கள். அதில் இருவர் தவறுதலாகச் சேர்ந்தவர்கள். வணிகவியல் வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒன்பது பேருக்காக ஒரு துறையை நடத்த முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தப்பிக்க ஒரே வழிதான். அதே படிப்பைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த உயர்கல்வி ஆணையத்திடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். வகுப்புக்கு வந்து படிக்கும் நேரடி முறைக்கும் இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். ஆக, ஒரு படிப்பு, மூன்று முறை, மூன்று விண்ணப்பம். மார்ச் 28 மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் ஜூனில் வரலாற்றுத் துறைக்குப் பூட்டு. இருபத்தெட்டு ஆண்டு பாடம் நடத்திய என்னை நூலகத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள்.

“யாரு எழுதுறது?” என்று முதல்வர் கேட்டார். எல்லாரும் அவரவர் கைப்பேசியைப் பார்த்தார்கள். பிரம்மநாயகம் மட்டும் என்னைப் பார்த்தார்.

“சங்கரலிங்கம் சாரே எழுதட்டும். அவரு எழுதினா ஒரு புள்ளி தப்பா இருக்காது.”

இவர் இப்போது பன்முறைக் கல்வி இயக்குநர். நாங்கள் எம்.ஏ. ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு. ‘ஏல’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். 2013 ஜூன் 10 அன்று, எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவியை அவர் வாங்கிக்கொண்டார். அன்று முதல் அவரை ‘நீங்கள்’ என்றுதான் சொல்கிறேன். பதினோரு ஆண்டு எட்டு மாதம். ஒருவரைத் தள்ளி நிறுத்த மரியாதையைவிட நல்ல கம்பு கிடையாது.

“நீங்க சொன்னா சரிதான், சார்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. அந்த அளவில் இன்று நல்ல நாள்.

இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பழைய டைரியிலிருந்து புதிய டைரிக்குப் பெயர்த்து எழுதுவேன். முதலில் இருப்பது துறைத் தலைமை. ஏழாவது, இவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன் ‘முனைவர்’ இல்லாதது. இன்று இருபத்து மூன்றாவது சேர்ந்தது: மூன்று விண்ணப்பம்.

பிப்ரவரி 5, புதன்

படிவம் அறுபத்து நான்கு பக்கம். மூன்று முறைக்கும் ஒரே படிவம்தான். மேலே முறையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையவழி விண்ணப்பத்தின் நாற்பத்தொன்றாம் கேள்வி: மாணவர்களுக்கான கழிப்பறைகளின் எண்ணிக்கை.

கணினித் துறை ஜெசிந்தாவை எனக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், எதற்கும் அஞ்சாத வாய்.

“‘வீட்டுக்கு ஒன்று’ன்னு போடுங்க சார்.”

‘பொருந்தாது’ என்று எழுதினேன். எண் மட்டும்தான் ஏற்குமாம். பூஜ்யம் போட்டேன். ‘போதிய வசதி இல்லை’ என்று சிவப்பில் எச்சரித்தது. கடைசியில் நேரடி முறைக்குக் கொடுத்த பதினான்கையே போட்டதும் பச்சை ஆனது. மஸ்கட்டிலிருந்து படிக்கப்போகிறவனுக்குப் பாளையங்கோட்டையில் பதினான்கு கழிப்பறைகள் தயார்.

பிப்ரவரி 7, வெள்ளி

குடிநீர், மிதிவண்டி நிறுத்துமிடம் ஆகியவையும் மஸ்கட்டுக்காரனுக்கு உண்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தொலைநிலைக்கு உயிர்நாடி தன்கற்றல் நூல். ஆசிரியர் இல்லாமல் மாணவர் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். வழிகாட்டு நெறியில் ஒரு வரி: ‘நூல் கற்போருடன் உரையாட வேண்டும்.’ இருபத்தெட்டு ஆண்டில் எந்த மாணவனுடனும் நான் உரையாடியதில்லை. நான் பேசுவேன், அவன் எழுதிக்கொள்வான்.

தபாலில் வாங்கும் பட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் ஒத்துக்கொண்ட வேலை. முதல் அலகு, ‘தாமிரபரணிக் கரையில் நீர்ப்பாசனம்’. எட்டுப் பக்கம் எழுதினேன். நடை கம்பீரமாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நூலைக் கல்லூரிக்கு வெளியே பிளஸ் டூ வரை படித்த ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் கருத்தை இணைக்க வேண்டுமாம். ஜெராக்ஸ் கடைக்காரர், ஒரு நடத்துநர், இரண்டு செவிலியர் என்று நான்கு பேரை ஜெசிந்தா பிடித்துவிட்டாள். ஐந்தாவது ஆளுக்கு நான் எங்கும் அலையவில்லை. ஆவுடையம்மாள் பிளஸ் டூ. அவள் என் மனைவி என்பதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டே வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, இதுல யாரு யாரத் திட்டுதா?”

“யாரும் திட்டல. அது பாடம்.”

“‘நீ இதை முன்பே அறிந்திருத்தல் வேண்டும்’னு இருக்கு. ‘இனியேனும் கவனிப்பாயாக’ன்னு இருக்கு. நான் இப்பம்தான தொறந்தேன்? அதுக்குள்ள என்னத்தக் கவனிக்கல?”

“அது ஒரு நடை.”

“வீட்லயும் இதே நடைதான். அதான் எனக்குச் சட்டுனு தெரிஞ்சுபோச்சு.”

காய் நறுக்கும் வேகத்தில் சொன்னாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆவுடை முதல் அலகைத் திருப்பிக் கொடுத்தாள். விளிம்பெல்லாம் பென்சில். முப்பத்தொரு இடத்தில் ‘புரியவில்லை’. ‘நீர்வெளியேற்றக் கட்டமைப்பு’ என்று நான் எழுதிய இடத்தில், ‘மதகு என்று சொன்னால் என்ன?’ பயிற்சி வினா இரண்டின் கீழே, ‘இதற்கான பதில் பாடத்தில் இல்லை. நான்கு முறை தேடினேன்.’

நானும் தேடினேன். இல்லை.

“நல்லாத்தான் படிச்சிருக்க” என்றேன்.

“அந்தக் காலத்துல நானும் பி.ஏ.வுக்குத் தபால்ல படிவம் வாங்கினேம்லா? நீங்கதான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்க. ‘தபால்ல வர்றது கடுதாசி, படிப்பு இல்ல’ன்னீங்க.”

அப்படி ஏதும் எனக்கு நினைவில்லை. அவள் வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் போலும்.

மார்ச் 3, திங்கள்

மாணவரை எப்படி அழைப்பது என்பதில் ஒரு வாரம் போய்விட்டது. ‘நீ’ என்றால் திட்டுவதாக ஆவுடை சொல்கிறாள். ‘நீவிர்’ போட்டுப் பார்த்தேன். கல்வெட்டு பேசுகிற மாதிரி இருக்கிறதாம். ‘மாணவர் அறிவாராக’ என்று படர்க்கையில் எழுதினேன். “யாரோ ஒருத்தரப் பத்திப் புறம் பேசுத மாதிரி இருக்கு” என்றாள்.

“‘நீங்கள்’னு போட்டாத்தான் என்ன?”

“மாணவன எவனாவது நீங்கள்னு சொல்லுவானா?”

“வகுப்புல எதுக்க இருக்கவன் ஒங்க மாணவன். வீட்ல இருந்து படிக்கவ யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஒங்க அத்தையா இருந்தா?”

என் அத்தை தொண்ணூற்றாறு வயதில் பி.ஏ. சேர மாட்டாள். ஆனாலும் வாதத்தில் ஏதோ இருக்கிறது.

மூன்றாம் அலகைப் புதிதாகக் கையால் எழுதினேன். ‘இதுவரை படித்தது உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டால் தவறு உங்களுடையது அல்ல. மேலே உள்ள படத்தை இன்னொரு முறை பாருங்கள். நீங்கள் சோர்வாக இருந்தால் சற்று ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருப்பேன்.’ நெறியில் சொன்னபடி எழுதியதுதான். ஆவுடை இரண்டு முறை வாசித்தாள்.

“இத நீங்களா எழுதுனீங்க?”

“பின்ன யாரு?”

“கையெழுத்து ஒங்களதுதான். அதான் கேட்டேன்.”

இன்று இரவு ரசத்தில் பெருங்காயம் சரியாக இருந்தது.

மார்ச் 12, புதன்

இணையவழிக்கு நாற்பது காணொலி. ஜெசிந்தா எடுக்கிறாள். பதினொன்று முடிந்தது.

“சார், கேமராவ ஏன் மொறைக்கீங்க? அதா ஒங்க தலைவர் போஸ்ட்ட எடுத்துச்சு?”

கல்லூரி முழுக்கத் தெரியும் போலிருக்கிறது. சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முந்தி இருந்த மாதிரியே இருங்க சார்” என்றாள்.

மார்ச் 13, வியாழன்

பிரம்மநாயகம் நடைபாதையில் எதிரே வந்தார். “வேலை எப்படிப் போகுது?” என்றார். “உங்க ஆசியில நல்லாப் போகுது, சார்” என்றேன். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

நூலின் தொண்ணூற்றாறு பக்கத்திலும் வினைமுற்றுகளை இரண்டு வாரமாகக் கையாலேயே மாற்றினேன். ‘அறிவாய்’ எல்லாம் ‘அறிவீர்கள்’. ‘கவனிப்பாயாக’ எல்லாம் ‘கவனியுங்கள்’. மீதி இருந்தது ‘நீ’ என்ற ஓரெழுத்துதான். அதைக் கணினியே தேடி மாற்றும் என்று ஜெசிந்தா ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறாள். “ஒண்ணொண்ணாப் பாத்து மாத்துங்க சார்” என்றும் சொன்னாள். ஒவ்வொன்றாகப் பார்க்க நான் என்ன எழுத்துப் பழகும் பிள்ளையா? ‘நீ’ இருக்கும் இடமெல்லாம் ‘நீங்கள்’ என்று கொடுத்து, ‘அனைத்தையும்’ என்பதை அழுத்தினேன். 1,312 இடங்களில் மாற்றியதாகச் சொன்னது. ஒரே நொடியில் ஆயிரத்து முந்நூறு மரியாதை. நெஞ்சு நிறைந்தது.

மாலை நான்கு மணிக்கு மூன்று விண்ணப்பங்களையும் பதிவேற்றினோம். இரண்டு நாள் மிச்சம். ஜெசிந்தா கேன்டீனிலிருந்து அல்வா வரவழைத்தாள். நூலின் ஒரு படியை ஆவுடைக்கு அச்செடுத்து எடுத்துப்போனேன்.

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

மதியம் இரண்டரைக்கு ஆவுடை கல்லூரிக்குப் போன் செய்தாள். அவள் போன் செய்கிற வழக்கமே இல்லை.

“என்னங்க, நீங்கள்ர்ப்பாசனம்னா என்ன?”

“என்னது?”

“முதல் அலகுத் தலைப்பு. ‘தாமிரபரணிக் கரையில் நீங்கள்ர்ப்பாசனம்’. உள்ள ‘நீங்கள்ர் வழங்கிய மன்னர்’னு இருக்கு. ஆறாம் அலகுல ‘நீங்கள்திக் கட்சி’ ஆட்சிக்கு வருது. ‘நீங்கள்ண்ட காலம்’ ஆளுது. பின்னால நீங்கள்திமன்றம், நீங்கள்லகிரி எல்லாம் இருக்கு. எதுவும் புது ஆராய்ச்சியான்னு கேக்கலாம்னு பாத்தேன்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். நீர், நீதி, நீண்ட, நீலகிரி. தமிழில் ‘நீ’ இவ்வளவு இடத்தில் இருக்கும் என்று எந்த இலக்கண ஆசிரியனும் என்னை எச்சரிக்கவில்லை. ஏற்கெனவே ‘நீங்கள்’ என்று எழுதியிருந்த மூன்றாம் அலகில் எல்லாம் ‘நீங்கள்ங்கள்’. ஒரு புள்ளி தப்பாக எழுதாதவன் என்று பெயரெடுத்தவன், ஆணையத்துக்கு நீங்கள்ர்ப்பாசனம் அனுப்பியிருக்கிறேன்.

ஜெசிந்தா முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒக்காருங்க சார், ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி பாப்போம்” என்றாள். இந்த முறை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாலு முப்பத்தைந்துக்குத் திருத்திய நூல் தயார்.

அனுப்பியதைத் திரும்ப எடுக்க இயக்குநரின் கைப்பேசிக்கு ஓடிபி வரும். இரண்டு நிமிடம்தான் உயிர். இயக்குநர் பிரம்மநாயகம் இன்று விடுப்பு. வண்ணார்பேட்டையில் பல் பிடுங்கப் போயிருக்கிறார். ஜெசிந்தா இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

“நீங்க கூப்பிடுங்க சார். ஒங்க பேரப் பாத்தா எடுப்பாரு.”

பதினோரு ஆண்டாக அழைக்காத எண். விரல்கள் தாமாகவே அழுத்தின. முதல் மணியிலேயே எடுத்தார்.

“ங்ஆ?”

“வணக்கம் சார். நான் சங்கரலிங்கம் பேசுகிறேன். தங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கணும். தாங்கள் தயவுசெய்து தங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும் எண்ணை…”

“ங்ழ்ழா?”

நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஓடிபி செத்துவிட்டது. ஜெசிந்தா மறுபடி அழுத்தினாள். மணி நாலு ஐம்பத்தொன்று. துறை, நூலக நாற்காலி, ஒன்பது மாணவர்கள், ஆவுடையின் பென்சில் எல்லாம் கண்ணுக்கு முன்னே வந்தன.

“ஏல நாயகம், வாயில இருக்க பஞ்சத் துப்பிட்டு நம்பரச் சொல்லுல!”

அந்தப் பக்கம் ‘டங்’ என்று இரும்பு விழும் சத்தம். பிறகு ஏதோ துப்புகிற ஓசை.

“ஏ… ஏழ… ஆ…”

மரத்துப்போன வாயில் ஏழும் ஆறும் ஒன்றுபோலவே வந்தன. “ஏழால, ஆறால?” என்று கத்தினேன். அவனும் கத்தினான். திடீரென்று போனில் தட்டும் ஓசை. டொக் டொக் டொக் டொக். நிறுத்தம். டொக். நிறுத்தம். எழுதிக்கொண்டே போனேன்: நான்கு, ஒன்று, ஏழு, இரண்டு. ஒரு செருமல். அது பூஜ்யம். கடைசியில் ஐந்து. இப்படித் தட்டிச் சொல்வது எம்.ஏ. தேர்வுக் கூடத்தில் எங்களுக்குப் பழக்கம். விவரம் இங்கே தேவையில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை.

மார்ச் 29, சனி

காலையில் பிரம்மநாயகம் வீட்டுக்கு வந்தான். கன்னம் இட்லி மாதிரி இருந்தது. ஆவுடை ரசம் சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். “அண்ணாச்சி, இந்த வீட்டுக்கு வர்ற வழி ஒங்களுக்கு மறந்துபோச்சோன்னு நெனச்சேன்” என்றாள்.

“வழி நெனவிருக்கும்மா. வாசல்லதான் பயம்.”

அவள் உள்ளே போனதும் கேட்டேன். “அந்த 2013…”

“ஆமாம்ல. எனக்கு ஆசை. போய்க் கேட்டேன், குடுத்தாவ. ஒன்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும். சொன்னா நீ மூஞ்சியத் தொங்கப்போடுவ, நான் விட்டுக் குடுத்துருவேன். அதான் சொல்லல.”

பதினோரு ஆண்டாக அவன் சொல்லக்கூடிய ஒவ்வொரு சாக்குக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நிர்வாகத்தின் நெருக்கடி என்பான், எனக்குத் தெரியாமல் நடந்தது என்பான், உன் நன்மைக்குத்தான் என்பான். எல்லாவற்றுக்கும் பத்திப் பத்தியாகப் பதில் உண்டு. ‘எனக்கு ஆசை’ என்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

“பல்லு ரொம்ப வலிக்கால?” என்றேன்.

“நேத்து நீ ‘ஏல’ன்னதும் அந்த டாக்டரு பல்லப் புடுங்குத கொறட்டக் கீழ போட்டுட்டான். அப்பம்தாம்ல வலிச்சுது.”

ஏப்ரல் 23, புதன்

ஆணையத்தின் குழு வந்தது. மூன்று பேர். தலைவி பேராசிரியை வைஜெயந்தி, கோயம்புத்தூர். கழிப்பறைகளை எண்ணிப் பார்த்தார்கள். பதினான்கு சரியாக இருந்தது.

பிறகு, நூலைச் சோதித்தவர்களிடம் திரையில் பேச வேண்டும் என்றார்கள். முதலில் ஆவுடை. அவள் மனைவி என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

திரையில் வந்தாள். பின்னால் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ்.

“வணக்கம்மா. இந்தப் புத்தகத்த எழுதினவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று எடுத்தவுடனே வைஜெயந்தி கேட்டார்.

“தெரியும். எங்க வீட்டுக்காரரு.”

அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. பிரம்மநாயகம் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். பழைய நாட்களில் அதற்கு ‘வாயைத் திறக்காதே’ என்று பொருள்.

“அப்போ நல்லா இருக்குன்னுதானே சொல்வீங்க?” வைஜெயந்தி சிரிக்கவில்லை.

“முதல்ல நல்லாவே இல்லீங்கம்மா. முப்பத்தோரு எடத்துல புரியல. எழுதியே குடுத்திருக்கேன், அந்தக் காகிதம் அங்கதான் இருக்கு. அதெல்லாம் மாத்திட்டாக. அஞ்சாம் அலகுல நிலவரி இன்னும் எனக்குப் புரியல. அதையும் எழுதிக்கோங்க.”

வைஜெயந்தி எழுதிக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் வாத்தியார். அவர்கிட்டயே நேரடியாக் கத்துக்கலாமே? எதுக்குத் தொலைநிலை?”

ஆவுடை நூலைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிரிட்ஜ் உறுமுவது எங்களுக்குக் கேட்டது.

“நேர்ல சொல்லிக் குடுக்கவங்களுக்கு ரெண்டாந்தடவ கேட்டாக் கோவம் வருதும்மா. புத்தகத்துக்கு வராது. எத்தன தடவ கேட்டாலும் அதையே மரியாதையாச் சொல்லுது. ‘நீங்கள் சோர்வாக இருந்தால் சற்று ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்’னு ஒரு எடத்துல வருது. என்கிட்ட யாரும் அப்பிடிச் சொன்னதில்ல. அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருக்கேன்.”

வைஜெயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பி, “உறவை எழுத்துல போட்டிருக்கணும், சார்” என்றார்.

“படிவத்தில் அதற்கு இடம் இல்லை, மேடம்.”

“பொருந்தாத எத்தனையோ விஷயத்துக்கு இடம் கண்டுபிடிச்சிருக்கீங்க. இணையவழி மாணவருக்குச் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்.”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று ஜெசிந்தா சொல்கிறாள். படம் எடுத்து வைத்திருக்கிறாளாம்.

ஏப்ரல் 24, வியாழன்

நிலவரியைத் திரும்ப எழுதினேன். புரிந்ததாம்.

மே 30, வெள்ளி

முடிவு வந்தது. நேரடி முறை: புதுப்பிக்கப்பட்டது. தொலைநிலை: ஐந்தாண்டுக்கு அங்கீகாரம். இணையவழி: ஓராண்டு ஒத்திவைப்பு. காரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ‘காணொலிகளில் ஆசிரியரின் முகபாவம் கற்போரை ஊக்குவிப்பதாக இல்லை.’

ஜெசிந்தா அதை அச்செடுத்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டாள். முதல்வர் கைகுலுக்கினார். துறைக்குப் பூட்டு இல்லை. பிரம்மநாயகம் கால் கிலோ அல்வாவோடு வந்து, “ஏல, அடுத்த வருசம் ஒனக்குப் பதிலா அந்த பிரிட்ஜ வச்சுக் காணொலி எடுப்போம்” என்றான்.

ஜூன் 9, திங்கள்

தொலைநிலைச் சேர்க்கை தொடங்கியது. முதல் நாளிலேயே அறுபத்து மூன்று பேர். ஜெராக்ஸ் கடைக்காரரும் அந்த இரண்டு செவிலியரும் சேர்ந்துவிட்டார்கள். நடத்துநர் யோசிக்கிறாராம்.

அறுபத்து நான்காவது விண்ணப்பம் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஆவுடை நீல மையில் நிரப்பியிருந்தாள். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

“இப்பம் யாரு கையெழுத்தும் வேண்டாமாம். நானே போட்டுட்டேன்” என்றாள்.

“நல்லது. நீங்க சாப்ட்டீங்களா?”

வாய்தவறி வந்துவிட்டது. நான்கு மாதமாக அதையே எழுதிய பழக்கம். ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்து தண்ணீர் குடித்துவிட்டும் சிரித்தாள்.

“அது புத்தகத்தோட இருக்கட்டுங்க. வீட்ல நீன்னே சொல்லுங்க. ஆனா புத்தகத்துல சொல்லுத மாதிரிச் சொல்லுங்க.”

ஜூன் 15, ஞாயிறு

பழைய வரைவுகளைக் கட்டி வைக்கும்போது இந்த டைரியும் அந்தக் கட்டில் இருந்தது. மேசையில் கிடந்த காகிதமெல்லாம் சோதனைக்கு வைத்தவை என்று ஆவுடை நினைத்தாளாம். அப்படித்தான் சொல்கிறாள்.

கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். பட்டியலின் விளிம்பில் பென்சில். ஏழாவது, கல்யாணப் பத்திரிகையில் ‘முனைவர்’ இல்லாததற்கு எதிரே: ‘புரியவில்லை.’ முதலாவதற்கு எதிரே: ‘இந்தப் பாடம் முடிந்தது. அடுத்ததற்குப் போகலாம்.’ இருபத்து மூன்றாவது, மூன்று விண்ணப்பம்: ‘இது எப்படி அநீதி? எடுத்துக்காட்டுடன் விளக்குக.’

சிரித்துக்கொண்டே முன்பக்கங்களைப் புரட்டினேன். பிப்ரவரி 20. அவளுடைய பி.ஏ. படிவத்தைப் பற்றி ‘அப்படி ஏதும் எனக்கு நினைவில்லை’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் ஒரே வரி.

‘எனக்கு நினைவிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 14, செவ்வாய்.’

அவள் அடுக்களையில் இரண்டாம் அலகைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பென்சில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். பேனாவை எடுத்து, எழுத்து பிசகாமல், அதன் மேலேயே மையால் எழுதினேன்.